முப்பத்தெட்டு பங்கு செம்பு

தார்நாகாவில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நஸ்ரினுக்கு அது ஐந்தாவது வருடம். உலோக வினையூக்கி எதுவும் சேர்க்காமல் இரண்டு மூலக்கூறுகளை இணைக்கும் வினை ஒன்றை அவள் கண்டுபிடித்திருந்தாள். அதைப் பற்றிய கட்டுரைக்கு நல்ல பெயர் கிடைத்தது. முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்கு அத்தியாயங்களில் மூன்று அதை நம்பித்தான் இருந்தன.

ஜனவரியில், வினைக்குச் சேர்க்கும் பொட்டாசியம் கார்பனேட் தூள் தீரும் தறுவாயில் புது பாட்டில் ஒன்றைத் திறந்தாள். அதே கம்பெனி, அதே தரம். பேட்ச் எண் மட்டும் வேறு. வினை நடக்கவில்லை. கரைப்பானை மாற்றினாள், சூட்டைக் கூட்டினாள், குடுவைகளைப் புதிதாக வாங்கினாள். பதினோரு முறையும் போட்டது போட்டபடியே கிடந்தது. பழைய பாட்டிலின் அடியில் சுரண்டி எடுத்த தூளைப் போட்டதும் நடந்தது.

இரண்டு தூளையும் சூசைராஜிடம் கொண்டுபோனாள். உலோகங்களை அளக்கும் கருவி அவர் பொறுப்பில் இருந்தது. லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர்; பேச்சில் அவ்வூர் உருது எட்டிப்பார்க்கும்.

"பழசுல செம்பு இருக்கும்மா. பத்து லட்சத்துல முப்பத்தெட்டு பங்கு. அஞ்சுக்கு மேல இருக்காதுன்னு லேபிள்ல போட்டிருக்கான்."

"புதுசுல?"

"ஒண்ணுகூட இல்ல. அதுதான் சுத்தம்."

"எங்க கரண்டியில, தராசுல இருந்து ஒட்டியிருக்கலாம் இல்லையா அண்ணே?"

"அதே பேட்ச்ல சீல் உடைக்காத பாட்டில் இருந்தா கொண்டு வா. இங்கயே உடைச்சுப் பாப்போம்."

மேல்மாடி ஆய்வகத்தில் ஒன்று கிடைத்தது. சூசைராஜ் கையுறை மாட்டி அவள் எதிரிலேயே சீலை உடைத்தார். அமிலத்தில் கரைத்து அளந்தபோது முப்பத்தேழு காட்டியது.

"இன்னொரு தடவை பாக்கலாமா அண்ணே?"

"நக்கோம்மா, வேணாம். மூணு தடவை ஓட்டிட்டேன். மாறாது."

ஆய்வகத்துக்குத் திரும்பி, புதுத் தூளில் செம்பு உப்பை ஊசிமுனை அளவு சேர்த்துப் பார்த்தாள். வினை அழகாக நடந்து முடிந்தது. செம்பு அந்த வேலையைச் செய்யும் என்பது வேதியியல் படித்த எல்லோருக்கும் தெரியும். அவள் கண்டுபிடித்தது எதுவுமே இல்லை. குடுவையைக் கழுவாமல் தொட்டியில் வைத்தாள்.

கம்பெனிக்கு எழுதினாள். எல்லாச் சோதனையிலும் தேறிய பிறகே சரக்கை அனுப்பியதாகவும், வைத்திருக்க வேண்டிய காலக்கெடு முடிந்ததால் அந்தப் பேட்சின் மாதிரிகளை அழித்துவிட்டதாகவும் பதில் வந்தது.

வழிகாட்டி விஸ்வநாத் எட்டு மாதத்தில் ஓய்வு பெறவிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆய்வேட்டை அப்படியே கொடுத்துடேன். நீ பார்த்ததைத்தானே எழுதியிருக்க? பொய் ஒண்ணும் இல்லையே."

"எழுதினப்ப பொய் இல்ல சார். இப்பக் கொடுத்தா பொய்."

"கட்டுரையை வாபஸ் வாங்கினா உனக்கு என்ன மிஞ்சும்னு யோசிச்சியா?"

"ஒரு அத்தியாயம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த பாட்டிலைச் சோதிக்கணும்னு எனக்குத் தோணியிருக்கணும்," என்றார். பிறகு வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

உதவித்தொகை ஜூனில் நின்றது. நிலையம் மேலும் ஆறு மாத அவகாசம் தந்தது. சுத்தமான தூளை வைத்து அந்த வினையைச் செம்பில்லாமல் நடத்திவிட அவள் நாற்பது விதமாக முயன்றாள். ஒன்றும் பலிக்கவில்லை. டிசம்பரில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, நாகூரில் இருக்கும் தந்தைக்கு போன் செய்தாள்.

"வாப்பா, இங்க எல்லாம் முடிஞ்சிருச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றவர், வீட்டுக்குள் திரும்பி, "புள்ள டாக்டராயிட்டா," என்று கூவினார். உம்மாவின் குரலும் பக்கத்து வீட்டாரின் குரலும் கேட்டன. சத்தம் அடங்கும்வரை நஸ்ரின் காத்திருந்தாள். பிறகு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.