டவுனுக்குப் போகிற முகம்

என் நாத்தனார் வீரம்மா எனக்கென்று தனியாக ஒரு சில்வர் டம்ளரை ஒதுக்கிவைத்த அன்றைக்குத்தான், என் முகத்தில் வந்திருப்பது வெறும் வெயில் சூடு இல்லை என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகள் முழுக்க முடிவாகிப்போனது. டம்ளரின் அடியில் அடையாளத்துக்குச் சிவப்பு நகப்பூச்சு தடவியிருந்தாள். அதில் தேத்தண்ணியை ஊற்றி, என் கையில் கொடுக்காமல் வாசல்படியில் வைத்தாள். நான் குடிக்கவில்லை. அவளுக்கு நேரே வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். மனதுக்குள் அந்த மரியாதையெல்லாம் அன்றோடு போய்விட்டது.

இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் செக்கச்செவேலென்று ஒரு தடிப்பு. மலையில் கொழுந்து எடுக்கும்போது வெயில் பட்டால் மிளகாயை அரைத்துப் பூசியதுபோல் எரியும். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. கொழுந்தைக் கிள்ளவே முடியாமல் கூடை பாதிகூட நிறையாது. சீப்பில் கொத்துக்கொத்தாக முடி, வாய்க்குள் புண். இதையெல்லாம் கேட்டுவிட்டு தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் மாத்திரையும் ஒரு வெள்ளைக் களிம்பும் தந்தார்கள். எங்களை மேய்க்கும் கங்காணி, வேலைக்கு வராமல் இருக்கச் சாக்கு என்றார். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நான் போய் நின்றால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போனார்கள். ஒருத்தி அம்மை என்றாள், ஒருத்தி குஷ்டம் என்றாள். எதிரே நின்று பேச எவளுக்கும் தைரியம் இல்லை.

பிறகு ஒருநாள், நான் மலையிலிருந்து வருவதற்குள் வீரம்மா என் மகள் கபிஷாவை மேல் லயத்திலுள்ள தன் காம்பரா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கபிஷாவுக்கு ஐந்து வயது. போய்க் கேட்டதற்கு, கதவை அரைவாசி சாத்திவைத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"பொம்பளப் புள்ள. நாளைக்கு அது மூஞ்சியிலயும் இது வந்துட்டா யாரு கட்டுவா? உனக்குச் சரியாகட்டும், கூட்டிக்கிட்டுப் போ."

என் புருஷன் ஜெயகாந்தன் கொழும்பில் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்கிறார். போன் எடுத்து அழுதேன். அக்கா சொல்வதும் ஒருவகையில் சரிதானே என்றார். டொக்டர் வாயால் ஒட்டாது என்று ஒரு வார்த்தை கேட்டு வந்துவிடு, அடுத்த நிமிடமே புள்ளையைக் கொண்டுவந்து விடச் சொல்கிறேன் என்றார். அக்காவுக்குப் பயப்படும் ஆண்பிள்ளையிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தைதான் எனக்கும் தேவையாக இருந்தது.

அதற்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு பஸ் மாறவேண்டும். எங்கள் பக்கத்தில் டவுனுக்குப் போவதென்றால் அது ஒரு சடங்கு. எலுமிச்சைத் தோலால் விரலிலுள்ள கொழுந்துக் கறையைத் தேய்த்து எடுக்கவேண்டும். நல்ல சேலை, எண்ணெய் வைத்த தலை, பொட்டு. கடைசியாக முகத்துக்குப் பவுடர். பவுடர் இல்லாத முகத்தோடு பஸ் ஏறினால் தோட்டத்து ஆள் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டதுபோல. கண்டக்டர் முதல் ஆஸ்பத்திரிக் காவல்காரன் வரை தள்ளி நில் என்பான். சாவு வீட்டுக்குத் தவிர வெறும் முகத்தோடு நாங்கள் டவுனில் இறங்கியதில்லை.

எனக்கோ தடிப்பு வேறு. மற்றவர்கள் ஒரு தடவை பூசினால் நான் மூன்று தடவை பூசினேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே எதுவும் தெரியவில்லை. அதில் ஒரு பெருமை வேறு.

முதல் தடவை பார்த்த டொக்டர் கை வலிக்கு மாத்திரை எழுதினார். இரண்டாம் தடவை வேறொருவர். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் முகம் சிவக்கிறது, எரிகிறது என்றேன். தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். மாவுபோல வெள்ளையாக ஒரு முகம். சவர்க்காரத்தை மாற்றச் சொன்னார். என்ன வேலை என்று கேட்டார், வீட்டில் சும்மா இருக்கிறேன் என்றேன். அதையும் சேலைபோல, பொட்டுபோல, டவுனுக்கென்று எடுத்து வைத்திருந்தேன். இது ஒட்டுமா என்று கேட்டதற்கு, எது என்று திருப்பிக் கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். துடைத்துக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. சேலையை விலக்கி முதுகைக் காட்டு என்றிருந்தால்கூடக் காட்டியிருப்பேன். அத்தனை பேர் இருக்கும் இடத்தில் பவுடரைத் துடைப்பதா?

அப்படியே மாதங்கள் போயின. மேல் லயத்தைத் தாண்டும்போது கபிஷா வாசலில் நின்று கை காட்டுவாள். முதலில் ஓடி வரப் பார்த்தாள். அப்புறம் நின்ற இடத்திலிருந்தே கை காட்டினாள். இதற்குள் என் கால் வேறு வீங்க ஆரம்பித்தது.

மூன்றாம் தடவை போனபோது ஹட்டன் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதற்குச் சந்தோஷப்பட்டேன் பாருங்கள். முன் சீட்டில் புதுச் சேலையும் கழுத்து நிறையச் சங்கிலியுமாக ஒருத்தி. ஏறியதிலிருந்து வாய் ஓயாமல் எதையோ தின்றுகொண்டே வந்தாள். மூன்று வளைவு தாண்டியதும் தலையை வெளியே நீட்டினாள். காற்று எதிர்க்காற்று. அவள் வயிற்றில் இருந்த அத்தனையும் என் ஜன்னல் வழியாக வந்து என் முகத்தில் அடித்தது. புளித்த இடியப்பமும் சம்பலும். உதட்டில் பட்டது. இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு கூசுகிறது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டாள். தன்னுடைய வாந்திக்கே என்னிடம் மூக்கைப் பொத்தினாள் அந்த மகராசி.

இறங்கியதும் ஆஸ்பத்திரிப் பைப்படிக்கு ஓடினேன். அங்கே யாரோ துப்பி வைத்திருந்த வெற்றிலைச் சாற்றுக்கு மேல் நின்றுகொண்டு, தேய்ந்த சவர்க்காரத் துண்டால் தோல் உரிய முகத்தைக் கழுவினேன். பொட்டு போனது, பவுடர் போனது. வெயிலில் நடந்து வந்த முகம் வேறு திகுதிகுவென்று எரிந்தது. அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். வாசலில் கை காட்டும் கபிஷா ஞாபகத்துக்கு வந்தாள். வெறும் முகத்தோடு, நாற்றமடிக்கும் சேலையோடு வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்ததால் இடம் நன்றாகவே கிடைத்தது.

உள்ளே ஒரு இளவயது டொக்டரம்மா. சிங்களவர். என்னைப் பார்த்தவுடன் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து வந்து என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். நான் நாற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவேயில்லை. அவர் முகத்தில் நான் கண்டதை எப்படிச் சொல்வது. சந்தோஷம். ஊரே முகம் சுளித்த ஒன்றை இவர் தொலைந்த சாமான் கிடைத்ததுபோல் பார்த்தார். பக்கத்து அறையில் இருந்த இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். மூக்கோரத்து மடிப்பில் மட்டும் சிவப்பு இல்லை பாருங்கள் என்று விரலால் சுட்டினார். வண்ணாத்திப்பூச்சி இறக்கை விரித்து உட்கார்ந்தமாதிரி என்று எனக்கும் விளக்கினார். என் கன்னத்தில் உட்கார்ந்து என் பிள்ளையைப் பிரித்த பூச்சி. அதிலும் அழகு பார்க்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

விரலை அழுத்திப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார், தலைமுடியை விலக்கிப் பார்த்தார், காலை அமுக்கிக் குழி விழுவதைப் பார்த்தார். இவ்வளவு நாள் ஏன் காட்டவில்லை என்று கேட்டார். இரண்டு தடவை வந்தேன், பவுடர் போட்டிருந்தேன் என்றேன். இந்த முறை என்ன வேலை என்று கேட்டபோது கொழுந்து எடுக்கிறேன் என்றேன்.

ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். லூபஸ் என்று நினைக்கிறேன், பரிசோதனை வந்தால் உறுதியாகும் என்றார். உடம்பைக் காக்கவேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குகிற வியாதியாம். எனக்கு அது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை, எங்கள் குடும்பத்தில் அதுதானே நடக்கிறது. நான் கேட்கவேண்டியது ஒன்றுதான். கேட்டேன். பிள்ளையைப் பிரித்துவைத்த கதையையும் சொன்னேன். போனில் ரெக்கோட் போட்டு நீட்டி, அதிலேயே பதிலைச் சொல்லச் சொன்னேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"இது ஒட்டுற வியாதி இல்ல. தொட்டா வராது. சேர்ந்து சாப்பிட்டா வராது. பிள்ளைய அம்மாகிட்ட விடுங்க."

அடுத்த தடவை போனபோது லூபஸ்தான் என்று உறுதியானது. சிறுநீரகத்தையும் தொட்டிருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம், இப்போது மருந்தால் பிடித்துவிடலாம் என்றார்கள். வெயிலில் நிற்கக் கூடாது என்றும் சொன்னார்கள். அதைக் கங்காணியிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைத் தனியாக எழுதவேண்டும்.

ஆனால் டொக்டரம்மாவின் குரலை, அந்த மூன்றாம் தடவை போய்வந்த அன்றைக்குச் சாயங்காலமே வீரம்மாவின் வாசலில் நின்று முழுச் சத்தத்தில் போட்டேன். மேல் லயம் பூராவும் கேட்டது. எல்லாம் புள்ளை நல்லதுக்குத்தானே என்று முனகிக்கொண்டு, கபிஷாவின் துணிகளை ஒரு பையில் போட்டு அனுப்பினாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் அகராதியில் கிடையாது. நானும் அதைப் பொறுக்கி எடுக்கப் போகவில்லை. என் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள், அது போதும் என்றிருந்தது.

எங்கள் காம்பராவுக்குள் வந்து விளக்கைப் போட்டேன். குனிந்து அவள் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தேன். எத்தனை மாதத்து முத்தம் அது. கபிஷா அழவில்லை, கத்தவில்லை. என் மனசு நோகாதபடி மெதுவாக, பாவாடை நுனியால் கன்னத்தைத் துடைத்தாள். வாளியில் இருந்த தண்ணீரை மொண்டு, சவர்க்காரம் போட்டு அந்த இடத்தைக் கழுவினாள். வீரம்மா நன்றாகத்தான் பழக்கியிருக்கிறாள்.

"இது ஒட்டாதும்மா. டொக்டர் சொன்னது நீயும் கேட்டதானே?"

கேட்டேன் என்று தலையாட்டினாள். பிறகு அலமாரித் தட்டில் எட்டி என் பவுடர் டப்பாவை எடுத்து வந்து நீட்டினாள்.

"இதப் போட்டுக்கிட்டுக் குடுங்கம்மா."

அந்த டப்பாவை வாங்கிப் பார்த்தேன். இதுதான் என் வியாதியை மறைத்தது. இனி முகத்தில் எதையும் பூசாதே என்று அன்று காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கபிஷா எனக்கு எதிரே உட்கார்ந்து, ஆசையாகத்தான், காத்துக்கொண்டிருந்தாள்.

டப்பாவைத் திறந்தேன். மூன்று தடவை பூசிக்கொண்டேன்.