வெர்ன் மூடிய இன்ஜின்

விடிந்த பிறகும் உப்புவெளியில் குளிர் விடவில்லை. மெர்ல் அடுப்பில் சட்டியை வைத்து இன்ஜின் ஆயிலைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். குளிரில் கெட்டியான ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும் என்று இங்கே வேக ரெக்கார்டுக்காகக் கார் ஓட்ட வரும் எல்லோரும் செய்வதுதான்.

"நேத்து ஓடின வேகத்துலயே இன்னைக்கும் ஒரு தடவை ஓடிட்டா ரெக்கார்டு நமக்குத்தான். ஆனா சூடேறினதும் ஆயில் பிரஷர் இறங்குச்சுல்ல, நோரீன்? ஆயிலை வடிச்சாச்சு. அடித்தொட்டியையும் கழட்டிப் பார்த்துடுவோமே."

"வேணாம்."

"உள்ள என்ன பைபிளையா வச்சு மூடியிருக்கான் உன் புருஷன்?"

நோரீன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். வெர்ன் அந்த இன்ஜினைப் பிப்ரவரியில் பூட்டினான். மார்ச்சில் செத்துப்போனான். அவன் கடைசியாக மூடியதை வேறு யாரும் திறக்கக்கூடாது. அடக்கத்தன்று வராத அழுகை அப்புறமும் வரவில்லை. இந்தப் பிடிவாதம் மட்டும் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டது.

கொடி இறங்கியது. முதல் மைலில் பிரஷர் முள் அறுபதில் நின்றது. இரண்டாம் மைலில் சூடு ஏற ஏற முள் சரிந்தது. நாற்பது. இருபத்தைந்து. யாருடைய காய்ச்சலையோ பார்ப்பதுபோல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து. இன்னும் சற்றுத் தூரம் மிதித்தால் ரெக்கார்டு. அதற்குள் பேரிங் உருகி, இன்ஜின் வயிறு கிழிந்து, வெர்ன் பூட்டியதெல்லாம் உப்பில் சிதறலாம்.

காலை எடுத்துவிட்டாள்.

மெர்ல் பிக்கப்பில் வந்து சேர்ந்தபோது அவள் காரைவிட்டு இறங்கவே இல்லை.

"போச்சு, ரெக்கார்டு."

"ம்."

"இன்ஜினாவது இருக்கா?"

"இருக்கு. கழட்டு."

ஆறும்வரை பொறுக்கவும் அவள் விடவில்லை. கூடாரத்துக்கு இழுத்து வந்ததும் மெர்ல் காருக்கடியில் படுத்து, திட்டிக்கொண்டே தொட்டியை இறக்கினான். அப்புறம் திட்டுவது நின்றுபோனது.

ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய்வலையில் சிவப்புத் துணி ஒன்று அப்பியிருந்தது. கை துடைக்கிற துணியின் கிழிசல்.

"திறந்த இன்ஜின் பக்கம் துணியோட போனா என்னை ஷெட்டை விட்டே துரத்துவான், படுபாவி. அவனா இப்படி விட்டான்?"

"பிப்ரவரில அவன் கையில ஸ்பூன்கூட நிக்கல மெர்ல். காபியை நான்தான் ஊட்டினேன்."

மெர்ல் ஒரு பேரிங்கின் மூடியைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தான். "தப்பிச்சிருக்கு. இன்னும் கொஞ்சம் மிதிச்சிருந்தா போயிருக்கும்."

நோரீன் காருக்கடியில் நுழைந்து, கையை உயர்த்தித் துணியை வலையிலிருந்து உருவினாள். கறுத்த ஆயில் மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

"ஏய், சுடும்! கீழ போடு."

"தெரியுது," என்றாள். கீழே போடவில்லை.