கதவைத் திறந்து வருவது யார்

அப்பாவின் கட்டிலிலிருந்து விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள் பெரியவள். அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்துவிட்டார்கள். வாசலில் வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றும் சத்தம். அப்போது தலையணைக்கடியில் அப்பாவின் கைபேசி அலறியது. எடுத்துப் பார்த்தாள். மாலை ஆறு மணி அலாரம். 'இன்னைக்கு மறுபடியும் ஆரம்பம்' என்று தட்டி வைத்திருந்தார் மனுஷன். நேற்றுக் காலையில் செத்துப்போனவருக்கு இன்று சாயங்காலம் டிவி பார்க்கிற அவசரம்!

உலகம் அழிந்த பிறகு மிஞ்சிய முப்பது பேர் எப்படிப் பிழைக்கிறார்கள் என்கிற தொடர் அது. நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அப்பாவுக்கு அதில் அப்படி ஒரு பித்து. "உலகமே போச்சு, இவனுங்க ஜெனரேட்டருக்கு மட்டும் டீசல் எங்கேர்ந்துடி வருது?" என்று வாராவாரம் போனில் கேட்பார். வெளியூரில் இருக்கும் சின்னவளிடம்தான். அங்கே அவள் பார்க்க, இங்கே இவர் பார்க்க, காதில் போனை வைத்துக்கொண்டு இருவரும் சிரிக்கிற சிரிப்பு சமையலறை வரைக்கும் கேட்கும். பெட்பேன் எடுப்பது, மாத்திரை கொடுப்பது, நகம் வெட்டுவது எல்லாம் பெரியவள். சிரிப்பு மட்டும் சின்னவளுக்கு. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பாதியில் தொடருக்கு மூன்று மாதம் இடைவெளி விட்டபோது, அப்பாடா என்று இருந்தது பெரியவளுக்கு. அதிலும் மண் விழுந்தது. இடிகிற கட்டடத்துக்குள் நர்ஸம்மாவும் ஒற்றைக்கண் டிரைவரும் மாட்டிக்கொள்ள, கதவு மூடிக்கொண்டதோடு நிறுத்தியிருந்தார்கள். உயிரோடு வெளியே வரப்போவது யார் என்று மூன்று மாதமும் போனில் அதே பேச்சு. "என் முடிவைக் கடைசி நாள்தான் சொல்லுவேன்" என்று சின்னவளைக் காக்க வைத்திருந்தார்.

இப்போது சின்னவள் அறைக்குள் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"யாரு வருவாங்கன்னு அப்பா உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாராக்கா?"

சொன்னார். நேற்று விடிந்ததும், வீங்கிய காலை இவள் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது. "நர்ஸம்மாதான் வருவா. சின்னவகிட்ட சொல்லிடு." மூச்சு வாங்க வாங்க அதற்கப்புறமும் என்னமோ பேசினார். 'சின்னவகிட்ட' என்பதற்கு மேல் பெரியவள் காதில் எதுவும் ஏறவில்லை. கால் பிடிப்பவள் இங்கே இருக்க, சேதி மட்டும் அவளுக்கா?

"டிரைவர்னு சொன்னாரு" என்றாள். இந்த ஒரு வார்த்தையாவது இவளுக்குப் போய்ச் சேரக்கூடாது.

"டிரைவரா? தண்டம் தண்டம்னு அவனைத் திட்டிக்கிட்டே இருப்பாரே!" சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "வாக்கா, நாம பாக்கலாம். அவரு பாக்காம விட்டதா இருக்க வேணாம்."

அப்பாவின் நாற்காலியை விட்டுவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். பெரியவளுக்கு யார் யாரென்றே தெரியவில்லை. ஒவ்வொருவராகச் சின்னவள் சொல்லிக்கொடுத்தாள். அரை மணி நேரம் இழுத்தடித்த பிறகு அந்தக் கதவு அசைந்தது. புழுதிக்குள்ளிருந்து ஒரு கை. பிறகு தலை.

டிரைவர்.

"அக்கா! சொன்னாரு பாத்தியா! கடைசி நிமிஷத்துல மாத்தி கரெக்டா சொல்லியிருக்காரு பாரு கெழவன்!" அழுகையும் சிரிப்புமாக அக்காவைக் கட்டிக்கொண்டாள். "எங்கிட்ட நேர்ல பேசின மாதிரியே இருக்குக்கா."

பறிக்கப்போய் அள்ளிக் கொடுத்திருந்தாள் பெரியவள். ஆத்திரமாக வந்தது. திரையில் இடிபாட்டுக்கடியில் நர்ஸம்மா செத்துக் கிடந்தாள். ஒடிசலான உடம்பு, சுருட்டி விட்ட சட்டைக்கை. அந்தக் கையைப் பார்த்ததும் அப்பா பேசிய மிச்சம் அவள் காதில் வந்து விழுந்தது.

"அவ சாக மாட்டாடி. ஆயிரம் வேல கெடக்கு அவளுக்கு, உன்ன மாதிரி. அவளப் பாக்கத்தான் நான் இதையே பாக்கறேன்."

சின்னவள் தோளை விட்டு நிமிர்ந்தாள். "என்னக்கா, நீ போய் நர்ஸம்மாவுக்கு அழற? இன்னைக்கு வரைக்கும் அவ யாருன்னே உனக்குத் தெரியாதே!"

பெரியவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"மொதல்லேர்ந்து போடுடி" என்றாள். "அவ வர்ற எடத்துலேர்ந்து."