ஒப்பந்தத்தில் விட்டுப்போன வரி

“பூமியைச் சூடாக்கினது யாரோ, வேகறது நாங்களா?” என்று கேட்டுக் கேட்டே, தையல் ஆலைப் பெண்களின் தலைவி மூன்று வருடம் நாயாய் அலைந்து அந்த ஒப்பந்தத்தை வாங்கினாள். வெப்பமானி நாற்பதைத் தொட்டால் எல்லா இயந்திரமும் நிற்க வேண்டும். அதை எங்கே மாட்டுவது என்று எழுத மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. மேலாளர் அதைத் தன் ஏசி அறையில் மாட்டிவைத்தார், புண்ணியவான்.

இன்று மதியம் தலைவியின் நாத்தனார், தைத்துக்கொண்டிருந்த சட்டையின்மேலேயே சரிந்து உயிரை விட்டாள்.

“இருபத்தி நாலுதாம்மா காட்டுது, நீங்களே பாருங்க” என்றார் மேலாளர்.

தலைவி அதை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துப்போய், தையல் கூடத்தின் நடுவில் தூக்கிப் பிடித்தாள். அது மெல்ல ஏறி நாற்பதைத் தொட்டதும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நாத்தனாருடையது மட்டும் முன்பே நின்றிருந்தது.