இரண்டு விரல் இடைவெளி

ஆண்டிபட்டிக் கணவாயின் மூன்றாவது வளைவில் ஆம்புலன்ஸ் திரும்பியபோது, சுருளியாண்டியின் தலை ஸ்ட்ரெச்சரின் பக்கத் தகட்டில் டொங்கென்று மோதியது. மனைவி பூமாரி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அடுத்த வளைவில் கால்கள் சரிந்தன. தலையைப் பிடித்தால் கால் போனது, காலைப் பிடித்தால் தலை போனது.

“அண்ணே, கொஞ்சம் மெதுவாத்தேன் போங்களேன்” என்றான் மகன் சுரேஷ்கண்ணன்.

“இதுக்கு மேல மெதுவாப் போனா, எறங்கித் தள்ளிக்கிட்டுத்தேன் வரணும் தம்பி” என்றான் டிரைவர் முத்துவீரன். “ரெண்டு பெல்ட்டுல ஒண்ணு பிஞ்சுபோச்சு. ஓனர்கிட்ட ஆறு மாசமாச் சொல்றேன். இங்கன படுக்குறவக யாரும் புகார் சொல்லப்போறதில்லேங்கிறாரு.”

காலை ஏழு மணிக்கு மதுரை ஆஸ்பத்திரியில் சுருளியாண்டியின் உயிர் போயிருந்தது. இப்போது மணி பதினொன்று. சுரேஷ்கண்ணனின் செல்போன் அடித்தது. தேனி அச்சகம்.

“ஆமாண்ணே. பதினாறாம் நாளுக்கு ரெண்டாம் பதிப்பு கையில வேணும். வாரவுகளுக்கெல்லாம் ஒண்ணு குடுக்கணும். உள்ள ஒரு எழுத்துகூட மாத்த வேணாம். அட்டையில அப்பா படத்தை மட்டும் பெருசாப் போடுங்க.”

பூமாரி மகனைப் பார்த்தாள். அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்தப் புத்தகத்தின் பெயர் ‘பெட்டிக்குள் ஒரு சாம்ராஜ்யம்’. எட்டாவதைத் தாண்டாத ஒருவர், சுருளிப்பட்டி பன்னீர் திராட்சையைக் கேரளச் சந்தைகளுக்கு நசுங்காமல் அனுப்பும் முதலாளியான கதை. கல்லூரிகளிலும் தொழில்முனைவோர் பயிற்சிகளிலும் சுருளியாண்டி அதைக் கையில் வைத்துக்கொண்டு, தலைமைப் பண்பைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார். டாக்டர்களுக்குக் கொடுக்க வேண்டுமென்று ஆஸ்பத்திரிக்கும் ஒரு கட்டு எடுத்துப் போயிருந்தார். மீதி, சீட்டுக்கடியில் கிடந்தது.

ஐந்தாம் அத்தியாயம் இப்படித் தொடங்கும்: ‘ஒருநாள் எனக்குள் மின்னல் வெட்டியது.’

மின்னல் எதுவும் வெட்டவில்லை. பத்து வருடங்களுக்கு முன், குமுளி மலை ஏறிப் போகும் பெட்டிகள் சந்தையில் சாறு ஒழுக இறங்கின. சுருளியாண்டி லாரிக்காரர்களைத் திட்டினார். பூமாரி ஷெட்டில் உட்கார்ந்து ஒரு பெட்டியைத் தூக்கி, காதோரம் வைத்துக் குலுக்கினாள். உள்ளே சத்தம் கேட்டது. இன்னொன்றைக் குலுக்கினாள். அதிலும் கேட்டது.

மேலே இடம் விட்டால் பழம் நசுங்காது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் பழத்தைக் கெடுப்பது அழுத்தம் இல்லை, ஆட்டம். அசையாமல் நெருக்கிப் படுத்த பழம் பாரத்தைத் தாங்கும். துள்ள இடம் கிடைத்த பழமோ ஒவ்வொரு வளைவிலும் பக்கத்துப் பழத்தை இடிக்கும். அதனால் அவள் பனி காய்ந்த பிறகு வெட்டிய குலைகளைக் காம்பு வாடும்வரை நிழலில் போட்டாள். பெட்டிக்குள் கசக்கிய காகிதத்தைப் பரப்பினாள். விறைத்த காகிதம் காயப்படுத்தும், கசங்கியது மெத்தை மாதிரி வாங்கிக்கொள்ளும். காம்பு மேலே பார்க்க அடுக்கி, விளிம்புக்கு மேல் ஒரு விரல் உயரம் நிரப்பி, மூடியை மெல்ல அழுத்திக் கட்டினாள். குலுக்கினால் சத்தம் வரவில்லை. அந்தப் பெட்டி கோட்டயத்தில் அப்படியே போய் இறங்கியது.

புத்தகத்தில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், ‘பெட்டியின் மேலே இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும்’ என்றிருந்தது. சுருளியாண்டி ஒரு பெட்டிகூடக் கட்டியதில்லை. கண்ணில் புரை விழுந்திருந்ததால், அச்சுக்குப் போகும் முன் பூமாரியைத்தான் படித்துக் காட்டச் சொன்னார். அந்த வரியை அவள் நிறுத்தி, நிதானமாகப் படித்தாள். அவர் தலையாட்டினார். அவள் அடுத்த வரிக்குப் போனாள். கட்டியவளிடம் கேட்காமல் எழுதியது அங்கேயே கிடக்கட்டும்.

புத்தகத்தில் உள்ளபடியே கட்டிப் பார்த்த ஒருவர், கெங்குவார்பட்டியிலிருந்து சாறு வடியும் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். “உமக்கு நிர்வாகத் திறமை பத்தலை” என்று சுருளியாண்டி அவரை அனுப்பிவைத்தார். பூமாரி பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே போய்ச் சரியாகக் கட்டும் முறையைச் சொல்லிக் கொடுத்தாள். அவர் பாவம், என்ன செய்தார்?

நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கணவருக்குக் கஞ்சி ஊட்டும்போது கேட்டாள்: “அடுத்த பதிப்புல எம்பேரையும் போடுவீகளா?”

“உம்பேரைப் போட்டா எவன் நம்புவான்?” என்றார். அதற்குப் பிறகு கஞ்சியும் இறங்கவில்லை, பேச்சும் இல்லை.

தலை மறுபடி தகட்டில் மோதியது.

பூமாரி சீட்டுக்கடியிலிருந்த புத்தகக் கட்டை இழுத்தாள். சணலைப் பல்லால் கடித்து அறுத்தாள். முதல் புத்தகத்தை விரித்து, ஐந்தாம் அத்தியாயத்தை மொத்தமாகக் கிழித்தாள்.

“ம்மா! என்ன செய்யிற?”

“சும்மா இருடா.”

ஒவ்வொரு தாளாகக் கசக்கினாள். அவசரமே படவில்லை. தலையின் இருபுறமும், தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று காகிதத்தைக் கொடுத்தாள். காகிதத்துக்கும் தகட்டுக்கும் நடுவே முழுப் புத்தகங்களைச் செருகினாள். போர்வையை நான்காக மடித்து, தகட்டின் விளிம்புக்கு ஒரு விரல் மேலே நிற்கும்படி மார்பில் வைத்து, மிச்சமிருந்த ஒரு பெல்ட்டை அதன்மேல் இழுத்து மாட்டினாள்.

“இப்ப ஓட்டுங்க தம்பி. எப்பிடி வேணா ஓட்டுங்க.”

வைகை அணைப் பிரிவில் ஒரு வேகத்தடை. வண்டி தூக்கிப் போட்டது. பூமாரி காதைக் கொடுத்தாள். சத்தம் இல்லை.

சுரேஷ்கண்ணன் கீழே கிடந்த ஒரு தாளை எடுத்துப் பார்த்தான். நாற்பத்தொன்று.

“ம்மா, எடைவெளி விடணும்னுல்ல அப்பா எழுதியிருக்காக?”

“ஆமா. எழுதியிருக்காக.”

தேனி, சின்னமனூர், கம்பம் தாண்டும்வரை அவன் அந்தத் தாளை மடிக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

சுருளிப்பட்டியில் வாசல் நிறையக் கூட்டம். நாத்தனார் மொக்கம்மாள், “என்னப் பெத்த ராசா” என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். வண்டிக் கதவைத் திறந்தவர் ஷெட்டில் லோடு ஏற்றும் சின்னக்கருப்பு. குனிந்து பார்த்தார். கையை விட்டு ஒரு புத்தகத்தை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

“மதுரையிலருந்து இம்புட்டுத் தூரம்… இம்மி நகரலையே. அப்படியே நம்ம மொதலாளி கட்டு!”

“மொதலாளி படுத்துருக்காக” என்றாள் பூமாரி. குரல் கடைசி ஆள்வரை கேட்டது. “கட்டுனது நான்.”

மொக்கம்மாளின் கை மாரிலேயே நின்றது. “எழவு வீட்டுல என்ன பேச்சுடி இது?”

“பத்து வருசமாக் கட்டுனதும் நாந்தேன் மதினி.”

சின்னக்கருப்பு அவளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். சுரேஷ்கண்ணனின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. அடித்து ஓயும்வரை அவன் எடுக்கவில்லை.

பூமாரி பெல்ட்டைக் கழற்றினாள். கால்மாட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவித் தரையில் போட்டாள். கடைசியாகத் தலையோரம் இருந்த புத்தகம் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அது வந்ததும், சுருளியாண்டியின் தலை மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது.

அவள் அதை நேராக்கவில்லை.