கைராசியின் குண்டூசி

என் தங்கையின் நாத்தனாருக்குக் கைராசி என்று பெயர் வைத்தது நான்தான். அவள் கை பட்ட எதுவும் உருப்பட்டதில்லை, அதனால் வைத்தேன். கிண்டல் என்று அந்தக் குடும்பத்தில் ஒரு ஜென்மத்துக்கும் விளங்கவில்லை. அவளுக்கே அது பிடித்துப்போய், போனில் போடுகிற தையல் வீடியோக்களுக்கெல்லாம் அதையே தலைப்பாக வைத்துக்கொண்டாள்.

அவள் தைத்துக் கொடுத்த பரிசுகளைப் பற்றிக் கேளுங்கள். சூடான பாத்திரம் இறக்க எனக்கு ஒரு பிடிதுணி கொடுத்தாள். மேலே பூ, கீழே பூ, உள்ளே என்ன? ஸ்பாஞ்ச்! முதல் நாளே அது உருகிக் குக்கரோடு ஒட்டிக்கொண்டது, என் விரல் கொப்பளித்ததுதான் மிச்சம். தங்கைக்குக் கொடுத்த துணிப்பை நடுத்தெருவில் கைப்பிடியை உதறிவிட்டது. உருளைக்கிழங்கை எல்லாம் அவள் பொறுக்கிக்கொண்டு வந்தாள். தங்கை வீட்டுக்காரருக்கு ஒரு தலையணை. அதன் முகப்பு முழுக்கப் பித்தான். அவர் காலையில் எழுந்து வந்தால் கன்னத்தில் நாலு ஓட்டையும் அச்சாகத் தெரியும். அதற்கும் அந்த வீட்டில், "எவ்ளோ அன்பா செஞ்சிருக்கா!" என்றுதான் பேச்சு. அன்பு இருந்தால் ஓரம் மடித்து அடிக்க வேண்டாமா?

நானும் வீட்டில் தைக்கிறவள்தான். உறை, திரை, விரிப்பு என்று தைக்கிறேன். என் வேலையைப் பார்த்து யாரும் வாயைப் பிளந்ததில்லை. கிழிவதில்லை, அவ்வளவுதான். கிழியாததைப் பார்த்து யார் கை தட்டுவார்கள்?

எத்தனையோ வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த பிறகு என் தங்கைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. நான் பழைய பருத்தித் துணிகளை நன்றாக அலசி, இரட்டையாக வைத்து, தையல் மடிப்பு குழந்தையின் உடம்பில் உரசாதபடி வெளிப்பக்கமாக அடித்து, ஒரு பை நிறைய வெள்ளை விரிப்பு தைத்துக் கொடுத்தேன். தங்கை, "நல்லா இருக்குக்கா" என்று சொல்லி அலமாரியில் வைத்தாள். அதே சமயம் கைராசி, குழந்தைக்குக் 'குவில்ட்' தைக்கப் போவதாக ஊருக்கெல்லாம் அறிவித்தாள். ஒட்டுப்போட்ட போர்வைதான். ஆனால் போர்வை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். மஞ்சள் வாத்து, நீல மேகம், காது ஆடுகிற யானை, எல்லாம் உண்டு. தைப்பதைப் படம் பிடித்து வேறு போட்டாள்.

பார்த்தேன். அவளுடைய ஒரு வீடியோவைக்கூட நான் விட்டதில்லை. என் வீட்டுக்காரர் கேட்பார், "பிடிக்கலைன்னா எதுக்குப் பாக்கற?"

"பிடிக்காததனாலதான் பாக்கறேன். நீங்க உங்க வேலையப் பாருங்க."

மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றும் நகராமல் இருக்க, முழுக்கக் குண்டூசி குத்திக்கொண்டு, தைக்கத் தைக்க ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எடுத்த ஊசி எடுத்த கையோடு கிண்ணத்துக்குப் போக வேண்டும். தையல் பழகும் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். கைராசிக்கோ வாய்தான் கிண்ணம். உதட்டில் ஊசியைக் கவ்விக்கொண்டே பேசுவாள். அன்றைக்கு வந்த வீடியோவிலும் அப்படித்தான். யானைக்குப் பக்கத்தில் பஞ்சு சுருண்டிருந்தது என்று மேல்துணியைத் தூக்கிச் சரி செய்துகொண்டிருந்தாள். போன் மணி அடித்தது. வாயிலிருந்த ஊசியை எடுத்துப் பஞ்சின் மேல் வைத்தாள். சிரித்துச் சிரித்துப் பேசினாள். திரும்பி வந்து மேல்துணியை இழுத்து மூடி மெஷினை ஓட்டி, "பாருங்க, எவ்ளோ நீட்டா வந்திருக்கு!" என்றாள்.

நான் வீடியோவை நிறுத்தினேன். மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். தட்டையான மஞ்சள் பூத் தலை வைத்த ஊசி. உள்ளே போனது, வெளியே வரவில்லை.

கைராசிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. தங்கைக்குப் போட்டேன், எடுத்தாள்.

"பாப்பா எதுல படுத்திருக்கா?"

"அண்ணி தைச்ச குவில்ட்டுலதான். ஏன்?"

"முதல்ல அதுலேருந்து தூக்கு. உள்ள ஊசி இருக்கு."

"ஆரம்பிச்சிட்டியா? வீடு நிறைய ஆளுங்க இருக்காங்கக்கா. அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டாள்.

தையல் பெட்டியிலிருந்து காந்தத்தை எடுத்தேன். தரையில் சிந்தின ஊசிகளைப் பொறுக்க, சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிற காந்தம். போட்டிருந்த உடையோடு கிளம்பினேன்.

குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் கூடம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தொட்டில், தொட்டிலில் அந்தக் குவில்ட், அதன் மேல் குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. கைராசி எதிரே போனை நிறுத்தி வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"காலையிலேருந்து அழுதுட்டே இருக்கா. வயித்து வலியா இருக்கும்" என்றாள் தங்கை.

நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே போய்க் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டேன்.

"அக்கா, ஒரு நிமிஷம் தள்ளிக்கோங்க, வீடியோ ஓடுது" என்றாள் கைராசி. என்னைவிட மூத்தவள். ஆனாலும் நான்தான் அவளுக்கு அக்கா.

"ஓடட்டும். நீங்க தைச்சதுக்குள்ள குண்டூசி இருக்கு."

அவள் சிரித்தாள். "நான் எத்தன பேருக்குத் தைச்சுக் குடுத்திருக்கேன்! இந்த மாதிரி யாரும் பேசினதில்ல."

தங்கையின் வீட்டுக்காரர் என் காதருகே வந்தார். "அக்கா, எல்லாரும் போனப்புறம் பாத்துக்கலாமே. அவங்க மனசு கஷ்டப்படும்."

"உங்க பொண்ணு உடம்பு கஷ்டப்பட்டா பரவாயில்லையா?"

தங்கை வெடித்தாள். "போதும்க்கா! அவங்க செஞ்சது எதுதான் உனக்குப் பிடிச்சிருக்கு? பைய சொன்ன, தலையணைய சொன்ன, இப்ப இதையும் சொல்ற. இத்தன வருஷம் கழிச்சு எனக்கு ஒரு நல்ல நாள் வந்திருக்கு. இன்னைக்காவது வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. என் வாய் அப்படித்தான், மறுக்கவில்லை. இத்தனை நாள் கிண்டல் அடித்த வாயை இன்றைக்கு நம்பு என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதற்குத் தண்டனை இந்தப் பச்சைக் குழந்தைக்கா? அதன் கால் என் கையில் உதறியது. தொடையில் சிவப்பாக ஒரு புள்ளி.

"இது என்ன?"

"கொசு கடிச்சிருக்கும்" என்றாள் தங்கை. ஆனால் குரல் இறங்கிவிட்டது.

குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, காந்தத்தை வாத்தின் மேல் வைத்து இழுத்தேன். ஒன்றும் இல்லை. மேகத்தின் மேல் இழுத்தேன். ஒன்றும் இல்லை. கைராசி உச்சுக்கொட்டினாள். யாரோ ஒரு பெண், "பாவம், ஆசையா தைச்சிருக்கா" என்றாள். யானைக்கு வந்தேன். காதைத் தாண்டியதும் டக் என்று பிடித்துக்கொண்டது. காந்தத்தைத் தூக்கினேன், துணியும் சேர்ந்து எழும்பியது.

தங்கை ஒற்றைக் கையால் அந்த இடத்தைத் தடவினாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கைராசி என்ன சொன்னாள் தெரியுமா? "இப்பல்லாம் கடையில நல்ல குண்டூசியே கிடைக்கறதில்ல."

அடி பாவி! ஊசி தானாகவா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது? அதைவிடக் கேவலம் மற்றவர்கள். "தெரியாமத்தானே பண்ணினா." "அன்பா செய்யறப்ப ஒண்ணு ரெண்டு அப்படித்தான் ஆகும்." நான் ஒருத்திதான் அங்கே குற்றவாளி மாதிரி நின்றேன். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

தங்கை குழந்தையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் குவில்ட்டை எடுத்து மடித்தாள். ஊசி வெளியே குத்தாதபடி பார்த்து மடித்தாள். கைராசியிடம் நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போங்க அண்ணி."

"பிரிச்சு ஊசிய எடுத்துட்டா திரும்ப..."

"வேண்டாம் அண்ணி. இனிமே பாப்பாவுக்கு எதுவும் தைக்க வேண்டாம்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் கைராசி எழுந்து போய் வீடியோவை நிறுத்தினாள். தங்கை அலமாரியைத் திறந்து, பையிலிருந்து ஒரு வெள்ளை விரிப்பை உருவித் தொட்டிலில் போட்டு, குழந்தையை வாங்கிப் படுக்க வைத்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நானும் காந்தத்தை எங்கே வைத்தேன் என்றுகூடப் பார்க்காமல் கிளம்பி வந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்துக் கைராசியின் புது வீடியோ வந்தது. குழந்தைத் துணியில் ஊசி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழியாம். "நான் எது தைச்சாலும் இப்படிச் செக் பண்ணாம யாருக்கும் குடுக்கறதே இல்ல" என்று கூசாமல் சொன்னாள். கையில் சிவப்பு நூல் கட்டின காந்தம். என் காந்தம்! கீழே வரிசையாகப் பாராட்டு.

தங்கை போன் செய்தாள். "அக்கா, பாத்தியா?"

"ரெண்டு தடவ பாத்தேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழுதாள். "நீ போன்ல சொன்னப்பவே நான் தூக்கியிருக்கணும்க்கா."

"சரி விடு. பாப்பா எப்படி இருக்கா?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நீ தைச்ச துணிய நனைச்சிட்டு, அதுலயே தூங்கறா. காலையிலேருந்து இது நாலாவது துணி."

"அதுக்குத்தான்டி தைச்சேன்" என்றேன்.