பாதுகாவலர்: கணவர்

ராஜபாளையம் மில்லின் வாசல் கம்பி மாரிக்கனிக்கு மட்டும் திறக்க மாட்டேன் என்றது. மெஷினில் முகத்தைக் காட்டினாள். ஷிப்ட் நடுவில் வெளியே போவதற்குப் பாதுகாவலர் ஒப்புதலுக்குக் காத்திருப்பதாகத் திரையில் வந்தது. எந்தப் பாதுகாவலர் என்று காவலாளி சிவனாண்டியிடம் கேட்டாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: "கணவர், பாண்டிதுரை."

மாரிக்கனிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாண்டிதுரையிடமிருந்து விவாகரத்து கேட்டுத்தான் அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குக் கிளம்பியிருந்தாள். போன வாய்தாவுக்கு மில்லில் லீவு தரவில்லை. இந்த முறையும் வராவிட்டால் கேஸைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள் என்று வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பாதி ஷிப்டில் கிளம்ப அனுமதி வாங்கியிருக்கிறாள். இப்போது என்னடாவென்றால், எவனை விட்டுப் போக நினைக்கிறாளோ அவன் சம்மதித்தால்தான் வாசலையே தாண்ட முடியுமாம்.

நேரே ஆபீசுக்குப் போனாள். தொழிலாளர்களுக்கான புது டிஜிட்டல் அடையாள அட்டையை அமைத்த விக்னேஸ்வரன் அங்கே இருந்தான். யாருக்கும் கெடுதல் நினைக்காத பையன். கெடுதல் செய்ய அது ஒரு தடையாக இருக்கவில்லை.

ஒவ்வொரு ஆளைப் பற்றியும் என்னென்ன விவரம் இருக்கவேண்டும், ஒவ்வொரு விவரத்துக்கும் என்னென்ன பதில் செல்லும் என்று வகுத்தவன் அவன்தான். திருமண நிலைக்கு மூன்றே பதில்: ஆகாதவர், ஆனவர், விதவை. ஆகாதவளுக்குப் பாதுகாவலர் அப்பா, ஆனவளுக்குக் கணவர். விடுதியில் தங்கி வேலை பார்க்கும் சின்னப் பெண்களை வீட்டார் சம்மதமில்லாமல் வெளியே விடுவதில்லை என்பது அந்த மில்லின் வெகுநாள் வழக்கம். அதை அப்படியே தூக்கி, தினமும் வீட்டிலிருந்து வந்துபோகிற நாற்பது வயதுக்காரிகள் தலையிலும் கட்டிவிட்டான். புருஷனைப் பிரிந்து தனியாக இருக்கிறவள் என்று ஒருத்தி இருப்பாள் என்றே அந்த மேதாவிக்குத் தோன்றவில்லை. ஒப்புதல் கேட்டுச் செய்தி போகவேண்டிய நம்பராகப் பழைய ரெக்கார்டில் கிடந்த பாண்டிதுரையின் நம்பரையே சேர்த்திருந்தான்.

புதிதாக ஒரு பதிலைச் சேர்க்க மேலிடம் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு வாரமாவது ஆகும் என்றான். பிறகு, உதவி செய்கிற நினைப்பில், குரலைத் தாழ்த்தினான்.

"விதவைன்னு மாத்திரட்டாக்கா? விதவைன்னா அவங்களுக்கு அவங்களே பாதுகாவலர். ஒடனே தெறந்துரும்."

மேசையில் அவள் ஓங்கி அடித்த அடியில் டீ கிளாஸ் உருண்டது.

"அவன் சாகணும்னா கோயிலுக்குப் போயிருப்பேன்லே, கோர்ட்டுக்கு எதுக்குப் போறேன்? உசுரோட இருக்க புருசன விட்டுட்டுப் போற பொம்பளைக்கு ஒன் பொட்டியில எடமே கெடையாதா?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. வாசலுக்கு வந்து, சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பிக்கு அடியில் குனிந்து வெளியே போனாள். மெஷின் கூவ ஆரம்பித்தது. தடுக்கவேண்டிய சிவனாண்டி எழுந்து நின்றார், அவ்வளவுதான். வேலை போய்விடும் தாயி என்று மட்டும் சொன்னார். போனால் போகட்டும் என்று அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

அவள் கோர்ட் படியேறும்போதே அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். உள்ளே பாண்டிதுரையின் குரல் கேட்டது. வீட்டில் ஒருநாளும் வராத பணிவெல்லாம் அந்தக் குரலில் வந்திருந்தது. அவளுக்குக் கேஸ் நடத்த இஷ்டமே இல்லை, சேர்ந்து வாழத்தான் நினைக்கிறாள், அதனால்தான் இன்றைக்கும் வரவில்லை என்று ஜட்ஜிடம் சொல்லிக்கொண்டிருந்தான். மில்லிலிருந்து ஒப்புதல் கேட்டு வந்த செய்திக்குப் பதில் அனுப்பாமல் அமுக்கி வைத்துக்கொண்டவன், இப்போது அதையே சாட்சியாக நீட்டினான்.

"பாருங்கய்யா, மில்லுக்குள்ளதான் இருக்கா. என் போன்லயே காட்டுது."

காட்டத்தான் செய்தது. கம்பி திறந்தால்தான் ஆள் வெளியே போனதாக அந்த அட்டைக்குக் கணக்கு. மாரிக்கனி மூச்சிரைக்க, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு முன்னால் வந்து நின்றாள். வக்கீலம்மா எழுந்து இவள்தான் மனுதாரர் என்றார். ஜட்ஜ் அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆஜர் என்று எழுதச் சொன்னார்.

பாண்டிதுரை இன்னும் போனை நீட்டியபடியே நின்றான். கல்யாணமான நாள் முதல் நீங்க என்றே கூப்பிட்டுப் பழகியவனை அவள் நேருக்கு நேர் பார்த்தாள்.

"அதுக்குள்ள இருக்கவள நீயே வச்சுக்க. என்னைய விட்ரு."